எண்களுக்கே ஈந்த வாழ்வு: கணித மேதை இராமானுஜன்

கோயில்களால் பெயர்பெற்ற கும்பகோணத்தில் சாரங்கபாணிப் பெருமாள் சந்நிதித் தெருவில் சிறிய ஓட்டு வீடு ஒன்று இருக்கின்றது. நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்த வீட்டைக் காண உலகின் பல மூலைகளிலிருந்தும் கணிதப் பேராசிரியர்கள் வந்தவண்ணம் உள்ளனர். அவ்வீட்டின் தெருத் திண்ணையில் அமர்ந்து, மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு, பலப்பத்தால் எழுதுவதும் முழங்கையால் அழிப்பதுமாக நாள் முழுவதையும் கழித்த ஓர் ஏழை இளைஞரே பின்னாளில் சீனிவாச இராமானுஜன் என்று உலகம் போற்றிய கணித மேதையாவார். அவர் பெற்ற புகழை அறியாத தமிழர் இல்லை. அப்புகழுக்காக அவரும் அவரைச் சார்ந்தோரும் கொடுத்த விலையை அறிந்தவர்கள் சிலரே.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயில் பஜனைகளில் பாடி, அதனால் கிடைக்கும் சிறு தொகையைக் குடும்பச் செலவுக்குச் சேர்ப்பார். நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய அக்குடும்பத்தார் நாமக்கல் நாமகிரித் தாயாரை வேண்டிக்கொண்டதன் பயனாகப் பிறந்த பிள்ளை என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தார். அடுத்துப் பிறந்த குழந்தைகள் மூவர் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். தாயாரின் அன்பு முழுவதும் இந்த ஒரு பிள்ளையின்மேல் குவிந்ததற்கு இதுவே காரணம். அந்த அன்பு வலியதாகவும் இருந்தது, பின்னர் சிலருக்கு வருத்தம் தருவதாகவும் ஆயிற்று.

1897ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுமேல் பரிசு பெற்றார். அந்நாளில் அவர் எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சியுள்ள, ஆசிரியர்கள் மெச்சும் மாணவராகவே இருந்தார். அவ்வாறே சென்றிருந்தால் நல்லதோர் உத்தியோகம், பெற்றோருக்கு ஆதரவு, மனைவி மக்கள் என்று ஊரார் மதிக்கும் வாழ்வு அமைந்திருக்கும். பதினைந்து பதினாறு வயதில் ஒரு நூல் அவர் கைக்கு வந்தது. கார் என்னும் ஆங்கிலேய ஆசிரியர், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காக ஏறத்தாழ ஐயாயிரம் கணித விதிகளைத் தொகுத்த நூல் அது. பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் இராது. முடிவு மட்டுமே இருக்கும். அந்த முடிவுகளைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கிய இளைஞர், நூலையும் கடந்து, எவரும் காணாத விதிகளைக் கண்டு எழுதலானார். அன்றுமுதல் கணிதம் ஒன்றைத் தவிர மற்றவை அனைத்தும் அவருக்குக் கசந்தன.

தேர்வில் தோல்வி, வீட்டில் வறுமை

1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தவர், ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தவறியதால் அவ்வுதவித்தொகையை இழந்தார். குடும்ப வருவாயை எண்ணிப் பார்த்தால் அது சிறு இழப்பன்று. அவமானம் தாளாமல் 1905இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். மறு ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்குக் கணிதத்தில் ஆசிரியர்களையே வியக்க வைத்தவர், உடலியல் பாடத்தில் ஏறத்தாழ வெற்றுத்தாளையே கொடுத்து வந்தார். எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோற்றார். இடையில் கடும் வயிற்றுக்கடுப்பு நோயால் படுத்து ஊர் திரும்ப நேர்ந்தது. இந்த நோயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் தொடர்பு வருகின்றது.

பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. சில மாணவர்களுக்குத் தனியே பாடம் சொல்ல முயன்றார். தேர்வுக்கு வேண்டியதை விட்டு எங்கோ உயரத்தில் சஞ்சரிக்கும் ஆசிரியரிடம் யார் நிலைத்துப் படிப்பர்? பசித்த வயிற்றுடன் திண்ணையில் அமர்ந்து சிலேட்டில் கணக்கிட்டார். காகிதம் வாங்கப் பணம் இல்லாததால் வழிமுறைகளைச் சிலேட்டிலேயே அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்தார். பெற்ற பிள்ளை இருபது வயதில் இப்படி இருந்தால் எந்தத் தகப்பனார்தாம் கலங்கமாட்டார்? அன்று அக்கம்பக்கத்தார் அவரை உதவாக்கரை என்று எண்ணியிருந்தால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இன்று நம் பிள்ளைகளில் ஒருவர் இவ்வாறு இருந்தால் நாமும் அப்படித்தான் எண்ணுவோம்.

மகனுக்குக் குடும்பப் பொறுப்பு வரவேண்டுமென்று தாயார் தீர்மானித்தார். 1909ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், இராசேந்திரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜானகி என்ற பத்து வயதுச் சிறுமியுடன் திருமணம் நடந்தேறியது. அக்கால வழக்கப்படி மணமகள் வயது வரும்வரை பெற்றோர் வீட்டிலேயே இருந்தார். தாம் எவருக்கு வாழ்க்கைப்பட்டோம் என்பதை அறியும் வயதே அவருக்கு இல்லை.

துறைமுக அலுவலக எழுத்தர்

திருமணத்துக்குப் பின் இராமானுஜன் வேலை தேடிப் புறப்பட்டார். கையில் இருந்த சான்றிதழ் அந்த நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே. இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் நிறுவியவரும் அப்போது திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்தவருமான இராமசுவாமி ஐயர் அவற்றைப் புரட்டிப் பார்த்ததுமே, இவரைத் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக்குவது பாவம் என்று உணர்ந்து சென்னைக்கு அனுப்பி வைத்தார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ், தம் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். தானமாகப் பெற்று வாழ மனம் ஒப்பாத இராமானுஜன், 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்குத் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். இரவு நேரங்களில் இருவரும் சிலேட்டும் கையுமாக அமர்ந்திருப்பர்.

இக்காலத்தில்தான் ஜானகி கணவருடன் சேர்ந்து வாழ வந்தார். அலுவலகம் போகுமுன் கணக்கு, வந்தபின் கணக்கு, நள்ளிரவு தாண்டியும் கணக்கு. எழுதும் கையை நிறுத்த மனமில்லாத கணவருக்குத் தாயாரோ மனைவியோ சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பார்களாம். மருமகளுக்கும் மகனுக்கும் இடையில் மாமியார் எப்போதும் நின்றார். கணவரிடம் நாலு வார்த்தை தனித்துப் பேசும் வாய்ப்பும் அந்த இளம்பெண்ணுக்கு அரிதாகவே கிட்டியது.

1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். முதலில் இது யாரோ செய்யும் மோசடியோ என்று ஐயுற்ற ஹார்டி, தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்தபின், எழுதியவர் முதல்தரமான மேதை என்ற முடிவுக்கு வந்தார். இப்படிப்பட்டவற்றைக் கற்பனையாகப் புனைய எவராலும் இயலாது என்பது அவர் கொண்ட காரணம். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. இங்கிலாந்துக்கு அழைப்பும் வந்தது.

கடல் கடந்தால் சாதிநீக்கம் என்றிருந்த வைணவ அந்தணக் குடும்பம் அது. முதலில் இராமானுஜன் மறுத்துவிட்டார். பின்னர் நாமக்கல் திருக்கோயிலுக்குச் சென்று தங்கி, நாமகிரித் தாயாரின் உத்தரவு வேண்டிக் காத்திருந்தார் என்றும், மகன் வெள்ளையர் நடுவே சபையில் வீற்றிருப்பதாகவும் அவன் வழியில் குறுக்கே நிற்கவேண்டாமென்று தாயார் கட்டளையிட்டதாகவும் கோமளத்தம்மாள் கனவு கண்டார் என்றும் கூறுவர். கணித விதிகளையே கனவில் நாமகிரித் தாயார் தமக்குக் காட்டியருளியதாக இராமானுஜன் நண்பர்களிடம் சொல்லி வந்தார். கடவுள் நம்பிக்கையற்ற ஹார்டி இதை ஒருபோதும் ஏற்கவில்லை. எவ்வாறாயினும், தாயார் சம்மதித்திராவிட்டால் மகன் கப்பல் ஏறியிருக்கமாட்டார் என்பது மட்டும் திண்ணம்.

புறப்படுமுன் குடுமியைக் களைந்து மேனாட்டு உடை உடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கோலத்தைத் தாயும் மனைவியும் பார்க்கக்கூடாதென்று இருவரையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு இரயிலேற்றி அனுப்பிவிட்டார். தாமும் உடன் வருவதாக ஜானகி கேட்டதுண்டு; அது நடைபெறவில்லை. 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பலில் அவர் பயணமானபோது, இளம் மனைவி துறைமுகத்தில் இல்லை.

குளிரும் தனிமையும்

கேம்பிரிட்ஜில் அவர் செய்த சாதனைகளில் ஒன்றை மட்டும் கூறினால் போதும். நான்கு தேங்காய்களைக் குவியல்களாகப் பிரிக்கவேண்டுமானால் ஐந்து வழிகள் உண்டு: நான்கும் ஒரே குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனி. இது சிறு பிள்ளைக் கணக்கு. தேங்காய்கள் இருநூறாக இருந்தால்? விடை 3,972,999,029,388. ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி வழிகள்! இதனை எண்ணாமலேயே கண்டறியும் சூத்திரத்தை இராமானுஜனும் ஹார்டியும் வகுத்தனர். வேறோர் அறிஞர் பெருமுயற்சியுடன் கையால் கணக்கிட்டு வைத்திருந்த விடையுடன் அது அப்படியே பொருந்தியது. அறிவுலகம் திகைத்தது.

அறைக்கு வெளியே கிடைத்த வெற்றி இது. அறைக்குள் நிலைமை வேறு. புலால் உண்பதில்லை என்று தாயாருக்கு வாக்களித்து வந்தவர், கல்லூரி உணவுக்கூடத்தில் உண்ணாமல், தம் அறையிலேயே தாமே சமைத்தார். ஊரிலிருந்து பொட்டலமாக வந்த பொருள்களைக் கொண்டு ஏதோ பொங்கினார். வந்த சில மாதங்களிலேயே முதல் உலகப்போர் மூண்டது. காய்கறிகள் அருகின. இரவு பகல் பாராமல் முப்பது மணி நேரம் தொடர்ந்து உழைத்துவிட்டு இருபது மணி நேரம் உறங்குவதும், ஒருநாளைக்கு ஒருமுறை சமைப்பதுமாகக் காலம் கழிந்தது. பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகாலனோபிஸ் ஒருநாள் அவர் அறைக்குச் சென்றார். குளிர் தாங்காமல் மேலங்கியை அணிந்துகொண்டு இராமானுஜன் உறங்குவதை அறிந்து கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் விரிப்புக்கு அடியில் அழகாகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை இழுத்து உள்ளே படுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதை யாரும் இராமானுஜனுக்குச் சொல்லித்தரவில்லை! எண்களின் இரகசியமெல்லாம் அறிந்தவருக்குக் கம்பளி போர்த்தும் முறை தெரியவில்லை. கேட்பதற்கு நகைப்பாயினும், ஒரு தாயோ மனைவியோ பக்கத்தில் இல்லாத குறை இதில் நன்கு தெரிகின்றது.

ஊரிலிருந்து வரும் கடிதங்களும் குறைந்தன. மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகவில்லை. ஜானகி கணவருக்கு எழுதிய கடிதங்களும் கணவர் ஜானகிக்கு எழுதியவையும் வழியிலேயே தாயாரால் நிறுத்தப்பட்டன. மனைவி ஏன் எழுதவில்லை என்று அங்கே அவர் ஏங்கினார். கணவர் தம்மை மறந்தாரோ என்று இங்கே இவர் கலங்கினார். முடிவில் ஜானகி தம் சகோதரர் இல்லத்துக்குச் சென்றுவிட்டார். தாயாரைப் பழிப்பது எளிது. மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்து, எஞ்சிய தலைமகனையும் கடலுக்கப்பால் அனுப்பிவிட்டுக் காத்திருந்த ஒரு தாயின் மனத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆயினும் அவர் செய்தது தவறே.

1917ஆம் ஆண்டு இராமானுஜன் நோயுற்றார். மருத்துவ விடுதிகள் பல மாறினார். காசநோய் என்று கருதி, அக்கால முறைப்படி திறந்த சன்னல்களின் குளிர்காற்றில் படுக்கவைத்தனர். 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மனம் உடைந்த நிலையில், இலண்டன் சுரங்க இரயில் தண்டவாளத்தில் வீழ்ந்தார். காவலர் ஒருவர் உடனே கண்டு வண்டியை நிறுத்தியதால் உயிர் தப்பினார். விந்தை என்னவெனில், அதே ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அக்டோபரில் டிரினிடி கல்லூரியின் ஆய்வு உறுப்பினரானார். அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே. புட்னி என்னுமிடத்தில் நோயாளியாய்க் கிடந்தபோது, ஹார்டி ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 என்று கேட்டதுமே, இரு கனங்களின் கூட்டாக இருவேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது என்று கூறிய நிகழ்ச்சியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தாலும் 1729. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் 1729.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தபோது, தம் பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழை மாணவர்களுக்கும் அனாதைச் சிறுவர்களுக்கும் கல்விக்காகச் செலவிடுமாறு 1919 சனவரியில் எழுதினார். கல்லூரி உதவித்தொகையை இழந்து ஊரைவிட்டு ஓடிய அந்தப் பையனை அவர் மறக்கவில்லை போலும்.

தாயகத்தில் ஓராண்டு

1919 மார்ச் 27ஆம் நாள் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கியவர் எலும்பும் தோலுமாக இருந்தார். தாயார் வரவேற்க வந்திருந்தார். அவர் முதலில் கேட்டது ஜானகி எங்கே என்பதுதான். பின்னர் ஜானகி சென்னைக்கு வந்து சேர்ந்தார். எஞ்சிய ஓராண்டுக் காலம்தான் அவர்கள் உண்மையில் கணவன் மனைவியாக வாழ்ந்த காலம் என்று கூறவேண்டும். காவிரிக் கரையில் கொடுமுடியிலும், பின்பு கும்பகோணத்திலும், இறுதியில் சென்னை சேத்துப்பட்டிலும் வாழ்ந்தனர். வேளை தவறாமல் சோறும் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்து, வலி எழும்போதெல்லாம் வெந்நீர் ஒற்றடம் இட்டவர் இருபது வயது ஜானகியே. அவரை உடன் அழைத்துச் சென்றிருந்தால் தமக்கு இந்நோய் வந்திராது என்று கணவர் சொன்னதைப் பின்னாளில் அவர் பலமுறை நினைவுகூர்ந்தார்.

அப்போதும் கணக்கு நிற்கவில்லை. படுத்தபடியே தாள்களைக் கேட்டு வாங்கி எழுதினார். 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்தில் போலித் தீட்டாச் சார்புகள் என்னும் முற்றிலும் புதிய ஒன்றை அறிவித்தார். ஏப்ரல் 26ஆம் நாள் காலமானார். அகவை முப்பத்திரண்டு. கடல் கடந்தவர் என்ற காரணத்தால் உறவினர் சிலர் ஈமச்சடங்குக்கு வரவில்லை. சடங்குகள் நடந்துகொண்டிருந்தபோதே அவர் எழுதிய தாள்கள் பல எடுத்துச் செல்லப்பட்டன என்று ஜானகி கூறியதுண்டு.

அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கடல் கடந்து, பலர் கைமாறி, டிரினிடி கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். மரணப் படுக்கையில் எழுதப்பட்ட அவ்விதிகள் இன்று வான்வெளிக் கருந்துளைகளை ஆராய்வோருக்கும் பயன்படுகின்றன. அவர் உடலைத் தின்ற நோய் பற்றியும் 1994இல் ஓர் ஆங்கில மருத்துவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்தார். அது காசநோயாக இராது, இளமையில் கண்ட வயிற்றுக்கடுப்பின் தொடர்ச்சியாகக் கல்லீரலைப் பற்றிய நோயாகவே இருக்கவேண்டும் என்பது அவர் முடிவு. சரியாகக் கண்டறிந்திருந்தால் அக்காலத்திலேயே குணப்படுத்தக்கூடிய நோய் அது!

இவ்வளவு திறமைக்கு இவ்வளவு விலை தகுமா என்ற கேள்வி இயல்பாகவே எழுகின்றது. ஹார்டியின் கருத்து வேறுவிதமானது. இராமானுஜன் இளமையில் இறந்ததைவிட, பதினெட்டு வயதுமுதல் இருபத்தைந்து வயதுவரை வழிகாட்டுவாரின்றி வீணான ஆண்டுகளே பெரும் இழப்பு என்று அவர் கருதினார். கணிதத்தின் பக்கம் நின்று பார்ப்பவருக்கு அது சரியாகத் தோன்றலாம். இராமானுஜனைக் கேட்டிருந்தால் அவரும் தமக்கு வேறு வாழ்வு வேண்டாமென்றே சொல்லியிருப்பார்; வலியின் நடுவிலும் தாள் கேட்டவர் அல்லவா? ஆனால் விலையில் ஒரு பங்கைக் கொடுத்தவரை எவரும் கேட்கவில்லை.

ஜானகி அம்மாள் இருபத்தொரு வயதில் கைம்பெண்ணானார். பல்கலைக்கழகம் தொடக்கத்தில் வழங்கிய உதவி மாதம் 20 ரூபாய். பம்பாயில் சகோதரர் இல்லத்தில் சில ஆண்டுகள் தங்கித் தையற்கலை பயின்றார். 1930களின் தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறி, துணி தைத்தும், பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தும் எவர் தயவையும் எதிர்பாராமல் வாழ்ந்தார். பெற்றோரை இழந்த ஒரு சிறுவனை எடுத்து வளர்த்துப் படிக்கவைத்து ஆளாக்கினார். 1936இல் விண்ணியல் அறிஞர் சந்திரசேகர், ஹார்டிக்காக இராமானுஜனின் படம் ஒன்றைத் தேடி வந்தபோது, ஊர் திரும்புவதற்காக எடுக்கப்பட்ட கடவுச்சீட்டுப் படத்தை எடுத்துக் கொடுத்தவர் அவர்தாம். உலகம் இன்று அறிந்திருக்கும் இராமானுஜனின் முகம் ஜானகி அம்மாள் பாதுகாத்து வைத்த அந்தப் படத்தின் வழியாக வந்ததே.

கணவருக்குச் சிலை வைப்பதாகப் பலர் வாக்களித்தனர். ஆண்டுகள் அறுபது ஓடின. சிலை எங்கே என்று முதுமையில் அவர் ஒரு செய்தியாளரிடம் கேட்டது அயல்நாட்டுக் கணித அறிஞர்கள் செவிக்கு எட்டியது. ரிச்சர்டு ஆஸ்கி என்னும் அமெரிக்கப் பேராசிரியரின் முயற்சியால் நூற்றுக்கும் மேற்பட்டோர் தம் சொந்தப் பணத்தைத் தந்தனர். அந்தக் கடவுச்சீட்டுப் படத்தைப் பார்த்தே பால் கிரான்லண்டு என்னும் சிற்பி வெண்கல மார்பளவுச் சிலைகளை வார்த்தார். அவற்றுள் ஒன்று 1980களின் நடுவில் திருவல்லிக்கேணி இல்லத்துக்கு வந்து சேர்ந்தது. கணவர் மறைந்து எழுபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்த ஜானகி அம்மாள், 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் தமது தொண்ணூற்றைந்தாம் வயதில் இயற்கை எய்தும்வரை அச்சிலை அவர் இல்லத்திலேயே இருந்தது.